எழுபது வளைவும் அடைபட்டால்...

கொல்லிமலையிலிருந்து வான்வழியே தப்ப எந்தச் சிறு விமானம் உதவும்? வாசலூர்பட்டி ஏரிக்கரையில் நின்று போட்ட ஒரு கணக்கு

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் வரும் இளவட்டங்களுக்கு அது வீடியோ எடுக்கும் சாகசம். பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அத்தைக்கு அது வேண்டுதல். மிளகு, காபி, அன்னாசி, பலா ஏற்றி இறங்கும் வேன்காரருக்கு அன்றாடப் பிழைப்பு. சோளக்காட்டுச் சந்தையில் விலைபோகும் சரக்கும், பிரசவ வலி கண்ட பெண்ணும், செம்மேட்டு அலுவலகத்துக்கு வரும் அதிகாரியும் மலையைவிட்டு இறங்கச் சாலைதான் கதி. இன்னொரு பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை உண்டு. ஐப்பசி மழையில் மண் சரிந்து பாறை உருண்டால், ஜேசிபி வந்து அள்ளும்வரை மலை காத்திருக்கும். இரண்டு சாலையும் ஒரே இரவில் அடைபட்டால்?

பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் அடுத்தடுத்து மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்கடியில் போயின. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை தீபமலையின் சரிவு இடிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேரைக் கொண்டுபோனது. அந்த மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் பதிவானது 50 சென்டிமீட்டர். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கை மலையகத்தைப் புரட்டியெடுத்தது. அந்நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீலகிரியில் நடந்தது, வயநாட்டில் நடந்தது, நுவரெலியாவில் நடந்தது, கொல்லிமலையில் மட்டும் நடக்காது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

வெளிநாட்டுப் பணக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பூகம்பமோ போரோ கொள்ளைநோயோ வந்தால் குடும்பத்தோடு பறந்துவிட ஒரு சிறு விமானத்தை வாங்கிப் போட்டுவைப்பது. எத்தனை சீட், எவ்வளவு தூரம், எந்த எரிபொருள், எவ்வளவு குட்டையான ஓடுபாதை என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். அந்த விவாதத்தை வாசலூர்பட்டிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஏரி, அதில் படகுச் சவாரி, சுற்றிலும் மரமும் தோட்டமும். இங்கிருந்து எதில் ஏறித் தப்பலாம்?

நாலு சீட்டில் எத்தனை பேர்?

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. நம் ஊர்ப் பைலட் பயிற்சிப் பள்ளிகளிலும் பார்க்கலாம். ஒற்றை எஞ்சின், மேலே இறக்கை, நாலு சீட். கார் மாதிரி நாலு பேர் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். விமானமோ சீட்டைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது.

172எஸ் மாடல் தரையைவிட்டுக் கிளம்பும்போது மொத்தம் 1,157 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் விமானமே ஏறத்தாழ 770 கிலோ. மிச்சம் 380 சொச்சம். டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றினால் சுமார் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. ஆக, ஆட்களுக்கும் பைகளுக்கும் 240 கிலோ. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த மூன்று பேர். நாலாவது ஆளைக் கரையில் விட்டுவிட வேண்டியதுதான். அப்பா, அம்மா, பிள்ளை, பாட்டி என்று ஒரு குடும்பம் வந்து நின்றால் யாரை இறக்கிவிடுவது என்கிற பஞ்சாயத்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்பே தொடங்கிவிடும்.

டேங்க்கை நிரப்பாமல் விட்டால் அந்தப் பஞ்சாயத்து பாதி தீர்ந்துவிடும். வாசலூர்பட்டியிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர் அளவுதான். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் அதைவிடச் சற்றுக் கிட்டே. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இருபது நிமிடம். முன்னெச்சரிக்கைக்கான கையிருப்பையும் சேர்த்து அறுபது லிட்டர் தாராளம். நூறு கிலோ மிச்சமாகும், பாட்டியும் ஏறிக்கொள்வார். தப்பிப்பவர்கள் எரிபொருளை நிரப்பி வைக்கத் துடிப்பதைத்தான் சினிமாவில் பார்க்கிறோம். குறைவாக ஊற்றுவதில்தான் பிழைப்பு இருக்கிறது.

எரிபொருளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. செஸ்னாவுக்கு வேண்டியது ஆவ்கேஸ் 100 எல்எல் என்னும் தனி பெட்ரோல். இந்தியா நெடுங்காலம் அதை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் தன் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த ஆவ்கேஸை வெளியிட்டது. நாமக்கல்லில் எந்த பங்க்கிலும் அது கிடைக்காது. சாதாரண பெட்ரோலில் ஓடும் ரோட்டாக்ஸ் எஞ்சின் வைத்த குட்டி விமானங்களும் இருக்கின்றன. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பழகும் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 அந்த ரகம். இரண்டே சீட். ரோட்டாக்ஸ் தன் எஞ்சினுக்குப் பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் அனுமதிக்கிறது. நம் பங்க்குகளில் இப்போது வருவது இருபது சதவீதம் கலந்தது. மலையிலிருந்து தப்ப நினைப்பவர் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

ஓட எங்கே இடம்?

எடையும் எரிபொருளும் சரியாகிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில், மிதமான வெயிலில், கெட்டியான தளத்தில் செஸ்னா 172 ஓடிக் கிளம்பி ஐம்பது அடி உயர மரத்தைத் தாண்ட ஏறத்தாழ 500 மீட்டர் வேண்டும் என்கிறது அதன் கையேடு. கொல்லிமலையோ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. வெயில் ஏறினால் இன்னும் மெலிகிறது. 1,200 மீட்டர் உயரத்தில் 30 டிகிரி வெயில் அடித்தால், இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். எஞ்சின் மூச்சு வாங்கும், இறக்கை தூக்கத் திணறும். 500 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். மழை நாளில் குளிர் உதவும் என்றால், ஈரப் புல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மொத்தத்தில் முக்கால் கிலோமீட்டருக்குக் குறையாமல், நேராக, சமமாக, எதிரில் மரமோ மின்கம்பியோ இல்லாத தரை வேண்டும்.

கொல்லிமலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு தரை அங்கே அபூர்வம். பள்ளத்தில் நெல், சரிவில் சாமையும் தினையும், மேட்டில் மிளகு ஏறிய மரங்கள் என்று படி படியாக வெட்டி எடுத்த நிலம் அது. இருக்கிற கொஞ்சம் சமதளத்தையும் ஊரும் வயலும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஓடுபாதைக்காக அதை அழிக்கச் சொல்பவர் யாராவது இருந்தால், வல்வில் ஓரி விழாவில் வந்து மேடையேறிச் சொல்லட்டும்.

குட்டையான தரையில் எழும்பும் விமானங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, அவற்றின் கதையும் சுவையானது. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் போர்ட்டர் 1960இல் நேபாளத்தின் தவுளகிரி மலையில், 5,700 மீட்டர் உயரப் பனியில் போய் இறங்கியது. அந்த விமானத்துக்கு ‘யெட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எவரெஸ்ட் ஏறப் போகிறவர்கள் இறங்கும் லுக்லாவின் ஓடுபாதை வெறும் 527 மீட்டர். ஒரு முனை மலைச்சுவர், மறுமுனை அதலபாதாளம். நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுக்குச் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள். இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் குறையும், கிளம்பும் விமானம் இறக்கத்தில் ஓடி வேகம் கூடும். அங்கே ட்வின் ஆட்டர் ரக விமானங்கள் தினமும் வந்துபோகின்றன. அந்த 527 மீட்டரை வெட்டி, தார் போட்டு, ஆள் போட்டுப் பராமரிக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. விமானத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், லுக்லாவை வாங்க முடியாது.

அப்படியானால் ஏரி? வாசலூர்பட்டிக்கு வந்தவர்கள் படகில் மிதித்துக்கொண்டே யோசிக்கும் கேள்விதான். 2024 நவம்பர் 11 அன்று கொச்சியிலிருந்து கிளம்பிய ட்வின் ஆட்டர் மிதவை விமானம் ஒன்று மூணாறு மாட்டுப்பட்டி அணையின் நீரில் சோதனைக்காக இறங்கியது. மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கம். யானைகள் புழங்கும் இடம் என்று வனத்துறை ஆட்சேபம் கிளப்பியது தனிக் கதை. மாட்டுப்பட்டியில் முடிந்தால் வாசலூர்பட்டியில் ஏன் முடியாது?

நீளம் போதாது. மிதவை விமானம் தண்ணீரின் பிடியிலிருந்து விடுபட சில நூறு மீட்டர் நேர்கோட்டில் சீறிப் பாய வேண்டும். விடுபட்ட பிறகு எதிர்க்கரை மரத்தையும் அதற்கப்பால் எழும் மேட்டையும் தாண்ட அதே அளவு வெளி வேண்டும். மாட்டுப்பட்டி, ஆற்றை மறித்த பெரிய அணையின் நீண்ட நீர்ப்பரப்பு. வாசலூர்பட்டி ஏரி படகு விடுவதற்கு அழகான அளவு, அவ்வளவுதான். மழை கொட்டும் நாளில் அடித்துவரப்படும் மரக்கிளை ஒன்று மிதவையில் இடித்தால் முடிந்தது கதை.

விமானத்தையே பாராசூட்டில் தொங்கவிட்டு இறக்கும் சிர்ரஸ் எஸ்.ஆர். 22 பற்றியும் ஆர்வலர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எஞ்சின் நின்று, பைலட் கைப்பிடியை இழுத்தால் பெரிய குடை விரியும், முழு விமானமும் அதில் தொங்கியபடி இறங்கும். பல குடும்பங்களைக் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு. அதற்கும் கிளம்ப ஓடுபாதை வேண்டும்.

மேகத்துக்குள் போனால்

ஆக, நின்ற இடத்திலிருந்து எழும் ஹெலிகாப்டர்தான். இதில் மூன்று அளவு. சேத்தக் என்பது பழைய, உழைப்பாளி வண்டி. பைலட்டையும் சேர்த்து ஏழு பேர். அடுத்தது பெங்களூரு எச்.ஏ.எல். வடிவமைத்த துருவ், பன்னிரண்டு பதினான்கு பேர்வரை ஏற்றும். மூன்றாவது ரஷ்யாவின் மி-17 வி5. 36 வீரர்களையோ நாலு டன் சரக்கையோ தூக்கும் யானை. கோவையை அடுத்த சூலூர் விமானப் படைத் தளத்தில் மி-17 பிரிவும் துருவ்களில் வித்தை காட்டும் சாரங் குழுவும் இருக்கின்றன. சூலூரிலிருந்து கொல்லிமலை நேர்கோட்டில் 130 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். நல்ல வானிலையில் முக்கால் மணிக்குள் வந்துவிடலாம். தனியார் வாங்கக்கூடியவற்றில் ஏர்பஸ் எச்125 மலைக்குப் பேர்போனது. அதன் முந்தைய வடிவம் ஒன்று 2005 மே 14 அன்று எவரெஸ்ட் உச்சியிலேயே தரைதொட்டது. அந்த எச்125ஐ கர்நாடகத்தில், கோலார் அருகே வேமகல்லில் ஒருங்கிணைக்கப் போகிறார்கள்.

‘நல்ல வானிலையில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாமல் கொஞ்சம் நிற்க வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து 11.48 மணிக்கு ஒரு மி-17 வி5 கிளம்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த அந்த ஹெலிகாப்டரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர். இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை என்றது விசாரணை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலை, மேகத்துக்குள் நுழைந்ததும் பைலட்டுக்குத் திசை தப்பியது, மலைமேல் மோதியது. நாட்டின் மிகச் சிறந்த பைலட்டுகள், மிக வலுவான ஹெலிகாப்டர், பலமுறை பறந்து பழகிய பாதை. பேரிடர்கூட அன்று எதுவும் இல்லை.

மலை மேகம் சமவெளி மேகம் மாதிரி இல்லை. சமவெளியில் வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறும், மேலேறியதும் குளிர்ந்து அங்கேயே மேகமாகும். அதாவது மேகம் எங்கிருந்தோ மிதந்து வருவதற்காகக் காத்திருப்பதில்லை, சரிவிலேயே பிறக்கிறது. கொல்லிமலையில் காலையில் தெரிந்த எதிர்மலை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாவுக்கு அது ரம்மியம். பைலட்டுக்கு அது, பாறையை ஒளித்துவைத்த பஞ்சு. கேதார்நாத் வட்டாரத்தில் இது ஆண்டுக்கு ஆண்டு உயிர் கேட்கிறது. 2013 வெள்ளத்தின்போது சுமார் இருபதாயிரம் பேரைத் தூக்கிக் காப்பாற்றிய விமானப் படை, ஜூன் 25 அன்று கௌரிகுண்ட் அருகே ஒரு மி-17 வி5ஐயும் அதிலிருந்த 20 பேரையும் இழந்தது. 2025 ஜூன் 15 அன்று அதே கௌரிகுண்ட் பக்கம் யாத்ரீகர்களை ஏற்றிய தனியார் ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். தித்வா நிவாரணத்தில் இருந்த இலங்கை விமானப் படையின் பெல் 212 ஒன்றும் விழுந்தது.

நேரமும் நம் கையில் இல்லை. இந்தியாவில் கண்ணால் பார்த்து ஓட்டும் விமானங்கள் சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குமேல் பறக்க விதி இடம் கொடுப்பதில்லை. மறுநாள் உதயத்துக்கு இருபது நிமிடம் முன்னால்தான் மீண்டும் அனுமதி. வயநாட்டில் முதல் சரிவு நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், அடுத்தது நாலு மணி வாக்கில். மழையில் ஊறிய மண்ணுக்குக் கடிகாரம் தெரியாது. அன்று விடிந்த பிறகும் மேகம் விடவில்லை. ஹெலிகாப்டர்கள் வந்து இறங்க முடியாமல் திணறின, மாலையில்தான் வழி கிடைத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையில் இருக்கும் விமானம் தேவைப்படும் நாளில் பறக்கும் நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததும் நாட்டிலுள்ள துருவ்கள் எல்லாம் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. ராணுவத்துக்கே அந்த நிலை என்றால், ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி வைத்த சொந்த விமானத்தின் பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சீட் யாருக்கு?

விமானத்தில் தப்புவது என்றால் தமிழர்களின் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வரும். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூன்மீது குண்டு வீசியது. அப்போது அந்த நகரில் பாதிக்குமேல் இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. மாக்வே, ஷ்வேபோ, மைச்சினா விமானத் தளங்களிலிருந்து டகோட்டா விமானங்கள் சில ஆயிரம் பேரை ஏற்றிவந்தன. லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் மலையையும், தாமு வழியாக மணிப்பூர் மலைகளையும் நடந்தே கடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். விமானத்தில் இடம் கிடைக்க நிறமும் பதவியும் பேசின. செட்டிநாட்டிலும் ராமநாதபுரத்திலும் இன்றும் ‘பர்மா நடை’ பற்றிய கதை இல்லாத குடும்பங்கள் குறைவு.

அதே 1942 மே மாதத் தொடக்கத்தில், மைச்சினாவிலிருந்து கடைசி நேரத்தில் கிளம்பிய ஒரு டிசி-3இல் 21 பேருக்கான இடத்தில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அடைந்துகொண்டார்கள். ஓட்டியவர் மூன் சின். பயணிகளில் ஒருவர், சில வாரம் முன்பு டோக்கியோமீது குண்டு வீசிவிட்டு வந்த அமெரிக்கர் ஜிம்மி டூலிட்டில். ஓடுபாதை நீளம், தளம் தாழ்வு என்பதால் விமானம் தாங்கியது. 1975 ஏப்ரல் 29 அன்று தெற்கு வியட்நாம் விமானப் படை மேஜர் பூவாங் இன்னும் ஒரு படி மேலே போனார். பேர்ட் டாக் என்ற இரண்டு சீட் குட்டி விமானத்தில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குமேல் பறந்தார். அமெரிக்கப் போர்க்கப்பல் மிட்வேயின் தளத்தைக் காலி செய்யச் சொல்லிக் கையால் எழுதிய சீட்டைக் கீழே போட்டார். கப்பல்காரர்கள் தளத்தில் நின்ற ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளி இடம் கொடுத்தார்கள். பூவாங் பிழைத்தார். தப்பிக்கும் விமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது விமானம் இல்லை, ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளிய மனசு. இறங்க இடம் கொடுக்க ஒருவர் இருந்ததால்தான் ஏழு பேர் பிழைத்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் 17 இரவு, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்குமேல் கொட்டிய அந்தப் பெருமழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கடியில் மண்ணே இல்லை. விமானப் படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களை வீசியது, கர்ப்பிணி உள்ளிட்ட சிலரைத் தூக்கிச் சென்றது. மற்ற பயணிகளைப் பேரிடர் மீட்புப் படையினர் தண்ணீரில் நடத்திக் கூட்டிப்போய் வெள்ளூரில் பஸ் ஏற்றினார்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தபோதும் இதே கதைதான். சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. செங்குத்துச் சரிவு, புகை, இருட்டு. தீக்காயம்பட்டவர்களை முதலில் எட்டியதும், போர்வையில் தொட்டில் கட்டி இரவெல்லாம் தூக்கி இறக்கியதும் அந்த மலை மக்கள். 23 பேர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

கொல்லிமலையில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40 ஆயிரம் பேர். மி-17 ஒரு நடைக்கு முப்பது பேரை ஏற்றினால் ஆயிரத்து முந்நூறு நடைக்குமேல் ஆகும். செஸ்னாவில் மூன்று மூன்று பேராக என்றால் பதின்மூவாயிரம் நடை. வானத்தால் ஒரு மலையைக் காலி செய்ய முடியாது. நடக்க முடியாத சிலரை எடுத்துப் போகத்தான் முடியும்: தலைப்பிரசவக்காரி, முதுகெலும்பு அடிபட்டவர், டயாலிசிஸ் நாள் தவறிய பெரியவர். அவர்களுக்கு அது உயிர். மற்றவர்களுக்கு நிலத்தில் வழி வேண்டும். வயநாட்டில் நிலைமையைத் திருப்பியதும் ஹெலிகாப்டர் இல்லை. சென்னையின் பெயரைத் தாங்கிய, பெங்களூருவில் இருக்கும் மெட்ராஸ் என்ஜினீயர் குரூப், மேஜர் சீதா ஷெல்கே உள்ளிட்டோர் முன்னின்று, 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் போட்டு முடித்தது. அதன்பிறகுதான் ஆம்புலன்ஸும் பொக்லைனும் முண்டக்கைக்குப் போக முடிந்தது.

எதை வாங்கலாம்?

சொந்தமாகச் சிறு விமானம் வாங்கித் தப்பலாம் என்று நினைக்கும் வசதிக்காரருக்கு என் பதில் சுருக்கம்: கொல்லிமலைக்கு வேண்டாம். சமவெளியில், ஓடுபாதைக்குப் பக்கத்தில் வீடு இருப்பவருக்கு அது பயன்படும். மலையில் இருப்பவருக்கு அது ஷெட்டில் நிற்கும் பொம்மை. ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். 17 வயது ஆகி, குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் தனியார் பைலட் உரிமம் கிடைக்கும். புயல் நாளில் கிளம்பாதே என்பதுதான் அங்கே கிடைக்கும் முதல் பாடம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான இ-பிளேன் நிறுவனம் நின்ற இடத்திலிருந்து எழும் மின் விமானத்தை உருவாக்கி வருகிறது. பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியின் முயற்சி அது. ஆம்புலன்ஸாக ஓட்டவும் திட்டம் இருக்கிறது. வரட்டும், வரவேற்போம். அதுவும் இறங்க இடம் கேட்கும், அதுவும் மேகத்தைக் கண்டால் தயங்கும்.

அரசு செய்யக்கூடியதற்கு விமானம் வாங்கும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. துருவ் இறங்க முப்பது மீட்டர் சதுரமாவது கெட்டியான தரை வேண்டும். மி-17க்கு அதன் சுழலும் இறக்கையின் வட்டமே 21 மீட்டர், அதனால் இன்னும் பெரிய இடம். அது கிளப்பும் காற்றில் பக்கத்துத் தகரக் கூரை பறந்துவிடும், ஆகவே வீடுகளைவிட்டுத் தள்ளி. இரண்டு பக்கமாவது மரமும் மின்கம்பியும் குறுக்கிடாத திறந்த வாசல். அதற்குப் பள்ளி மைதானமே போதும். மலையில் ‘நாடு’ என்று அழைக்கப்படும் பதினான்கு ஊராட்சிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மைதானத்தைத் தேர்ந்தெடுத்து, அளந்து, சுண்ணாம்பில் குறியிட்டு, மூங்கிலில் காற்றுத்திசை காட்டும் துணி ஒன்றைக் கட்டி, அதன் அட்சரேகை தீர்க்கரேகையைச் சூலூரிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுதிவைத்தால் போதும். ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறது, முக்கியஸ்தர்கள் வருவதால் அது பராமரிக்கப்படுகிறது. கொல்லிமலைக் கர்ப்பிணியும் முக்கியஸ்தர்தான்.

அதோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு சாலையிலும் ஆளுக்கொன்றாக இல்லாமல் சாலைக்கு ஒன்றாக ஜேசிபியை மேலேயே நிறுத்திவைப்பது, சாலை வருவதற்கு முன் மலையாளிப் பழங்குடியினர் இறங்கி ஏறிய ஒற்றையடிப் பாதைகளைப் புதர் வெட்டித் திறந்துவைப்பது, பிரசவத் தேதி நெருங்கியவர்களை ஐப்பசி பிறக்கும்போதே கீழே தங்கவைப்பது. தொட்டில் கட்டித் தூக்கத் தெரிந்த இளைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு ஊரிலும் இருக்கட்டும், அவர்களுக்கு ஒரு ஸ்ட்ரெச்சரும் கயிறும் டார்ச்சும் கொடுக்கட்டும். மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டு மழைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஆகாய கங்கை அருவி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் அறை முன்பதிவுப் பணம் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். மேலே இருக்கும்போது எச்சரிக்கை வந்தால் இருட்டும்முன், சாலை திறந்திருக்கும்போதே இறங்கிவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கும்போதே அழையுங்கள்.